ஜெபக் கொப்பியில் நான் கீறிய நிரல்

மிஸ்,

மேல்மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் இன்று காலை தரைக்கு மெழுகு பூசினார்கள். சிவப்பு மெழுகு. பாதித் தேங்காய் மட்டையைக் காலால் அழுத்தி முன்னும் பின்னும் தேய்க்கும் சத்தம் எங்கள் தலைக்கு மேலே கேட்டது. கொஞ்ச நேரத்தில் மணமும் படி வழியாக இறங்கி வந்துவிட்டது. நான் பருப்புக் கழுவிக்கொண்டிருந்தேன். கை தண்ணீருக்குள் இருந்தபடியே நின்றுவிட்டேன். அது உங்கள் பாடசாலை மண்டபத்தின் மணம்.

வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் மண்டபத்துக்கு மெழுகு பூசுவார்கள். திங்கட்கிழமை காலை பிள்ளைகள் எல்லோரும் அந்தத் தரையில் சப்பாணி கட்டி இருந்து ஜெபத்துக்குக் கை கூப்புவார்கள். எழும்பும்போது வெள்ளைச் சட்டைகளின் பின்புறம் முழுக்கச் சிவப்பு. கொழும்பில் இதே கொட்டாஞ்சேனையில் அரிசிக்கடை வைத்திருந்தவரின் மனைவி பரீனா ஒருநாள் உங்களிடமே கேட்டார்: "ஜெபத்த ஆண்டவன் கேக்குறான், சரி மிஸ். சட்டய யாரு கழுவுற?" நீங்கள் முகம் மாறாமல், "நிண்டு ஜெபிச்சா சின்னதுகள் மயங்கி விழுதுகள். விழுந்தாலும் சிவப்புத்தானே" என்றீர்கள். பரீனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

நீங்கள் போய் இன்றோடு இருபத்தாறு நாள். பொரளையில் அடக்கம் செய்தார்கள். நான் மதிலோரமாக நின்றேன். உங்களிடம் படித்த பெண்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை. மண் விழும் சத்தம் கேட்டது. எத்தனை மாலை வந்தது என்று பார்த்தேன். பஸ் எடுத்து வீட்டுக்கு வந்து, வரும் வழியில் இரண்டு சோதனைச் சாவடியிலும் அடையாள அட்டை காட்டி, கத்தரிக்காய் வெட்டிக் குழம்பு வைத்தேன். இதைப் பெருமைக்கு எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

பழைய மாணவிகள் உங்கள் நினைவாக ஒரு மலர் போடுகிறார்களாம். 'ஜெபத்தால் பாடசாலையை நடத்திய அதிபர்' என்று என்னிடம் ஒரு பக்கம் கேட்டார்கள். எழுதிப் பார்த்தேன். மூன்று வரிக்கு மேல் போகவில்லை. அதற்கு மேலே எழுத வேண்டியது மலரில் போடக்கூடியதல்ல. ஆகவே உங்களுக்கே எழுதுகிறேன்.

முதன்முதல் நான் உங்கள் கந்தோருக்கு, அதிபர் அறைக்கு, வந்தது என் மகள் ரூத்தை மூன்றாம் வகுப்பில் சேர்ப்பதற்கு. விண்ணப்பத்தை வாசித்தீர்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தீர்கள்.

"இது ஆர் எழுதினது?"

"நான்தான், மிஸ்."

"எங்க படிச்சனீங்கள்?"

"எட்டாம் வகுப்போட நிண்டிட்டன். அம்மாவுக்கு ஏலாமல் போச்சு. மிச்சம் வீட்டிலதான். வேதாகமமும், கடையில சாமான் சுத்தித் தாற பேப்பரும்."

நீங்கள் உங்கள் மேசையில் கிடந்த ஒரு கடிதத்தை எடுத்து என் பக்கம் திருப்பினீர்கள். கோழி கிண்டியது போல இருந்தது. "இது என்ட எழுத்து. நான் பட்டதாரி" என்றீர்கள். அடுத்த கிழமையே தாய்மார் ஜெபக் கூட்டத்தின் கொப்பியை என்னிடம் தந்துவிட்டீர்கள்.

அந்தக் கொப்பிதான் பாடசாலையின் நெஞ்சு என்று நீங்கள் சொல்வீர்கள். செவ்வாய்க்கிழமைகளில் நூலகத்தின் பின்னறையில் தாய்மார் கூடுவோம். யாருக்கு என்ன கஷ்டம் என்று சொல்லச் சொல்ல எழுதுவது. மறுநாளிலிருந்து காலைக் கூட்டத்தில் அதைப் பார்த்து நீங்கள் உரத்த குரலில் ஜெபிப்பது. பிள்ளைகளில் பாதிக்கு மேல் இந்துப் பிள்ளைகள். முஸ்லிம் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் இருந்தார்கள். "கண்ணை மூடத் தேவையில்லை, வாயை மூடினாக் காணும்" என்று முதல் நாளே சொல்லிவிடுவீர்கள். ஆனால் எல்லோரும் கண்ணை மூடினார்கள். கஷ்டம் எல்லா வீட்டிலும் இருந்தது.

எனக்கு முன்னம் எழுதியவர்கள் 'ஒரு பிள்ளையின் மாமாவின் சுகத்துக்காக', 'ஒரு சகோதரியின் வழக்குக்காக' என்று எழுதி வைத்திருந்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் பால்காரன் வராத நாளைக்கூட நான் குறித்து வைப்பவள். அளவுகோல் வைத்து நிரல் கீறினேன். திகதி, பெயர், எங்கே, என்ன, கேட்டது கிடைத்ததா. 'எங்கே' என்ற நிரலைப் பார்த்துவிட்டு நீங்கள் என்னை அழைத்தீர்கள்.

"ரூத்தின்ட அம்மா, ஆண்டவருக்கு விலாசம் தெரியாதெண்டோ நினைச்சீங்கள்?"

"அவருக்குத் தெரியும் மிஸ். எங்களுக்குத் தெரியவேணுமே. 'ஒரு மாமா' எண்டால் ஆரை நினைச்சு ஜெபிக்கிறது? ஆமென் சொன்ன கையோட மறந்துபோடும்."

நீங்கள் அந்த நிரலில் விரலை வைத்து மேலிருந்து கீழே இறக்கினீர்கள். பிறகு அதை எடுத்துக்கொண்டு போய் மாணவத் தலைவிகளைக் கூப்பிட்டீர்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு தலைவிக்கும் கொப்பியில் ஒரு பக்கம். காலையில் அந்தப் பக்கத்துக்காக ஜெபிக்கவேண்டும். கிழமை முடியுமுன் அந்த விலாசங்களில் ஒன்றுக்காவது ஒரு ஆசிரியையோடு போய்ப் பார்த்துவரவேண்டும். முகத்துவாரத்தில் படகு உடைந்து கிடந்த வீட்டுக்கும் போனார்கள், கொச்சிக்கடையில் கால் முறிந்த மூட்டைத் தொழிலாளியின் வீட்டுக்கும் போனார்கள். பரீனாவின் மாமியார் வயிற்றில் கட்டியோடு படுத்திருந்தபோது இரண்டு பிள்ளைகள் சூப் கொண்டுபோனார்கள். பரீனா அடுத்த செவ்வாய் வந்து, "தங்கச்சி, எங்கட கிழவிக்கு ஒங்கட துஆவ விட அந்த சூப்புதான் புடிச்சிச்சி. அதயும் எழுதிப் போடுங்க" என்றார். எழுதிப் போட்டேன். 'கிடைத்ததா' என்ற இடத்தில், சூப் பிடித்தது என்று.

"ஜெபத்துக்குக் கால் முளைச்சது உங்கட நிரலாலதான்" என்று நீங்கள் தாய்மார் முன்னால் சொன்னீர்கள். அந்த வசனத்தை நான் பல நாள் மனதுக்குள் வைத்துப் பார்த்திருக்கிறேன். சந்தோஷமாக இருந்தது. எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு அது பெரிய விஷயம்.

நீங்கள் ஜெபித்த விதத்தையும் எழுதவேண்டும். ஏதாவது முடிவு எடுக்கவேண்டுமென்றால் கந்தோர்க் கதவைச் சாத்திவிட்டுக் கோப்பு அலுமாரிக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் முழங்காலிடுவீர்கள். "மிஸ் மேலிடத்தோட கதைக்கிறா, லைன் எங்கேஜ்" என்று ஆசிரியைகள் வெளியே பகிடி பண்ணுவார்கள். ஒருநாள் நகரத்தில் எங்கோ குண்டு வெடித்துவிட்டது. எங்கே என்று தெரியவில்லை. தாய்மார் வாசலில் கூடிவிட்டார்கள். பிள்ளைகளை உள்ளே வைத்திருப்பதா, அனுப்புவதா என்று யாருக்கும் தெரியவில்லை. நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு போனீர்கள். வெளியே வந்ததும், தாய் வந்த பிள்ளையைத் தாயோடு அனுப்புங்கள், வராத பிள்ளையோடு ஒரு ஆசிரியை கடைசிவரை இருக்கவேண்டும், நான் வாசலில் இருக்கிறேன் என்றீர்கள். மாலை ஐந்து மணிவரை வாசலில் கதிரை போட்டு இருந்தீர்கள். பிறகு நான் கேட்டேன், "ஆண்டவர் சொன்னவரோ மிஸ்?" என்று.

"அவர் ஒண்டும் சொல்லேல்ல. முழங்கால் நொந்திச்சு, எழும்பினன். எழும்பேக்க பயம் கொஞ்சம் குறைஞ்சிருந்திச்சு. பயம் குறைஞ்சா என்ன செய்யவேணும் எண்டு தெரியும்தானே."

இப்படியெல்லாம் பேசிய நீங்கள், நான் எழுதிக் கொடுத்ததை மட்டும் முன்கூட்டி வாசித்துப் பார்ப்பதில்லை. என் எழுத்தை நம்பினீர்கள். மேடையில் கொப்பியைத் திறந்து அப்படியே வாசிப்பீர்கள்.

ரூத் பதினோராம் வகுப்புக்கு வந்த வருடம் சுகந்தி டீச்சர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நம்மிடம் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு வயது. இந்துப் பிள்ளை, ஆனால் ஜெபக் கூட்டத்துக்கு வந்து பின்வரிசை வாங்கில் இருப்பார். அந்தச் செவ்வாய் எல்லோரும் போகும்வரை நின்று என்னிடம் சொன்னார், "அக்கா, தம்பி வந்திட்டான். அவன்ர பேப்பர் அலுவலுகள் சரிவரவேணும் எண்டு ஒருக்கா போடுங்கோ."

அவ்வளவுதான் அவர் கேட்டது. பிறகு இருவரும் பஸ் நிறுத்தத்தில் நின்றோம். பஸ் வரச் சுணங்கியது. என்னுடைய கெட்ட பழக்கம், கேட்டுக் கேட்டு முழுவதையும் அறிந்துகொள்ளாவிட்டால் மனம் ஆறாது. எங்கே நிற்கிறார் என்று கேட்டேன். வெள்ளவத்தையில் இன்ன ஒழுங்கையில் ஒரு வீட்டின் பின்னறையில் என்றார். வடக்கிலிருந்து கொழும்பு வந்து தங்குபவர்கள் அன்று பொலிஸில் பதியவேண்டும்; பதிந்தாயிற்றா என்று கேட்டேன். வீட்டுக்காரர் பதியப் பயப்படுகிறார், இன்னும் இல்லை என்றார். எந்த ஊரிலிருந்து வந்தார், எந்த வழியால் வந்தார் என்றும் கேட்டேன். வந்து சேர்ந்த நிம்மதியில் எல்லாவற்றையும் சொன்னார். அவருக்குத் தெரிந்தவரை அது இரண்டு பெண்கள் பஸ்ஸுக்கு நின்று கதைத்த கதை. அவர் அதை உங்களிடமும் முதல் நாளே சொல்லியிருந்தார், லீவு கேட்பதற்காக.

நான் வீட்டுக்கு வந்து கொப்பியைத் திறந்தேன். திகதி. பெயர். எங்கே. ஒழுங்கையை எழுதினேன். பின்னறை என்றும் எழுதினேன். 'என்ன' என்ற நிரலில், பொலிஸ் பதிவு இன்னும் இல்லை, அதுவும் கைகூட, என்று எழுதினேன். அந்தப் பிள்ளையின் பெயரை இந்தக் கடிதத்தில் எழுதமாட்டேன். இப்போது நான் எதிலும் எழுதுவதில்லை. அன்று எழுதினேன். நல்ல எழுத்தாக, மை பரவாமல். அரைகுறையாக எழுதினால் அந்தப் பிள்ளைக்குக் குறைவாக ஜெபித்ததாகிவிடும் என்று நினைத்தேன். அதுதான் உண்மை.

மறுநாள் மாணவத் தலைவிகளுக்குச் சின்னம் சூட்டும் நாள். பெற்றோர் வந்திருந்தார்கள். அயலிலிருந்த காவல் நிலையத்திலிருந்து ஒரு அதிகாரியையும் மரியாதைக்கு அழைத்திருந்தீர்கள். எல்லாப் பாடசாலைகளும் செய்வதுதான், வீதி மாறும் பிள்ளைகளுக்கு உதவுவார்கள். முன்வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். சின்னம் சூட்டுமுன் வழமைபோல நீங்கள் கொப்பியைத் திறந்து ஜெபித்தீர்கள்.

நான் பின்னால் தாய்மாரோடு நின்றேன். பெயரை வாசித்தீர்கள். 'வெள்ளவத்தை' என்று வாசித்தீர்கள். ஒழுங்கையின் பெயரையும் வாசித்தீர்கள். 'இன்னும் பொலிஸ் பதிவு' என்ற இடத்தில் உங்கள் குரல் நின்றது. ஒரு மூச்சு எடுக்கும் நேரம். பிறகு, "மிச்சம் உமக்குத் தெரியும் ஆண்டவரே" என்று சொல்லி அடுத்த வரிக்குப் போனீர்கள். பிள்ளைகள் ஆமென் சொன்னார்கள். பக்கச் சுவரோடு நின்ற சுகந்தியின் முகத்தை நான் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மேடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் கொப்பியில் இல்லாததையும் சேர்த்து ஜெபிப்பது எல்லோருக்கும் தெரியும். உங்களிடம் சொன்னதை நீங்கள் வாய் தவறிச் சொல்லிவிட்டீர்கள் என்றுதான் அவர் நினைத்தார்.

அதிகாரி கைதட்டினார். பட்டிஸ் சாப்பிட்டார். பிளேன்டீ குடித்தார். பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். அவருக்குத் தமிழ் விளங்குமா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் விடியற்காலை அந்த ஒழுங்கையைச் சுற்றி வளைத்துப் பதினொரு பேரைக் கொண்டுபோனார்கள். அந்தக் காலத்தில் வெள்ளவத்தையில் அது நடக்காத கிழமை இல்லை. பதிவு உள்ளவர்களை மத்தியானம் விட்டார்கள். சுகந்தியின் தம்பியை விடவில்லை. உங்கள் வாசிப்பால் வந்ததா, அன்றைக்கு அந்த ஒழுங்கையின் முறையா என்று அன்றும் ஒருவருக்கும் தெரியாது, இன்றும் தெரியாது. ஆயிரம் தரம் யோசித்துவிட்டேன். தெரியாதது தெரியாததாகவே இருக்கிறது.

சுகந்தி அன்று பத்து மணிக்கு உங்கள் கந்தோருக்குள் வந்தார். நான் கொப்பியோடு அங்கே இருந்தேன். கதவைத் தட்டவில்லை. "நீங்கள் ஜெபிக்காமல் இருந்திருக்கலாம், மிஸ்" என்றார். உரத்துச் சொல்லவில்லை. "ஆண்டவருக்குக் காது கேக்காதே? நாசமாப்போன மைக்கில சொல்லவேணுமே, ஒழுங்கையையும் சேர்த்து?"

நீங்கள் எழுந்து நின்றீர்கள். "ஓம் சுகந்தி. நான்தான் வாசிச்சனான்" என்றீர்கள்.

நான் வாய் திறக்கப் போனேன். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். அந்தப் பார்வைக்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை. வகுப்பில் கதைக்கும் பிள்ளையைப் பார்ப்பது போல இருந்தது. நான் மூடிக்கொண்டேன். சுகந்தி திரும்பி நடந்து, வெளியே வராந்தாவில் என் தோளில் விழுந்தார். நான் பிடித்துக்கொண்டேன். கொப்பி என் கக்கத்தில் இருந்தது.

பின்னேரம் உங்களிடம் வந்து, "நான் சொல்லப்போறன் மிஸ். எழுதினது நான்" என்றேன்.

"சொல்லி?"

"உங்கள்ல பிழை இல்லை எண்டு தெரியட்டும்."

"என்னில பிழை இருக்கு. வாசிச்சுப் பாக்காமல் மேடைக்குப் போனது நான்." கோப்பு ஒன்றைத் திறந்து மூடினீர்கள். "ரூத்தின்ட அம்மா, அந்தப் பிள்ளைக்குக் கொழும்பில ஒருத்தரும் இல்லை. இப்ப அது உங்களோட மட்டுந்தான் கதைக்குது. உங்களையும் எடுத்துப்போட்டா அது ஆரிட்டப் போகும்? உங்கட மனச்சாட்சிக்கு ஒத்தடம் குடுக்கிறதுக்கு அந்தப் பிள்ளையை வெறுங்கையோட விடப்போறீங்களோ?"

நான் கொப்பியை ஒரு கக்கத்திலிருந்து மறு கக்கத்துக்கு மாற்றினேன்.

"இப்ப சொல்லாதேங்க. பிறகு பாப்பம்" என்றீர்கள்.

அந்தப் 'பிறகு' எப்போது என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது எனக்கு வசதியாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அதன்பின் ஐந்து மாதம். பாடசாலை விட்டதும் நீங்கள் குடையும் கைப்பையுமாக ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினீர்கள். பாடசாலை முத்திரை குத்திய கடிதம். அந்தப் பிள்ளை எங்கள் ஆசிரியையின் தம்பி, நான் பொறுப்பு என்று. இரண்டு தரம் நானும் வந்தேன். வாங்கில் இருக்கச் சொல்வார்கள். நாலு மணிக்கு ஒருவர் வந்து, "ஹெட்ட எண்ட மிஸ்" என்பார். நாளைக்கு வாங்கோ. நீங்கள் சிங்களத்தில் நன்றி சொல்லி எழும்புவீர்கள். மறுநாள் போவீர்கள். இதெல்லாம் சுகந்திக்குத் தெரியும். தெரிந்தும் உங்களோடு பேசவில்லை. ஆசிரியர் அறையில் நீங்கள் வந்தால் எழுந்து வெளியே போவார். நீங்கள் அவருடைய பாடவேளை அட்டவணையை மட்டும் இலகுவாக்கிக் கொடுத்தீர்கள், துணை அதிபர் செய்தது போல.

பிடித்துப்போனதற்கு அடுத்த திங்கட்கிழமை நீங்கள் கொப்பி இல்லாமல் மேடைக்கு வந்தீர்கள். "இண்டையிலயிருந்து நான் உங்களுக்காக வாய்விட்டு ஜெபிக்கமாட்டன். உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு ஆளை நீங்களே மனசுக்குள்ள நினையுங்கோ. பேர் ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லை" என்றீர்கள். ஐந்து நிமிடம். மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும். சின்ன வகுப்பில் ஒரு பிள்ளை தும்மியது. ஐந்து நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த ஐந்து நிமிடம் முகாமைச் சபைக்குப் பிடிக்கவில்லை. போதகரும் வேறு இரண்டு பெரியவர்களும் வந்தார்கள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

"கிறிஸ்தவப் பாடசாலையில அதிபர் வாய் திறந்து ஜெபிக்காட்டி, மற்றப் பாடசாலைக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்?" என்று போதகர் கேட்டார்.

"வாய் திறந்ததாலதான் ஒரு பிள்ளை உள்ளுக்கு இருக்கு, போதகர்."

"அது ஒரு தவறு. தவறுக்காக ஜெபத்தை நிப்பாட்டுறதோ?"

"நிப்பாட்டேல்ல. சத்தத்தைத்தான் நிப்பாட்டினன்."

பெரியவர்களில் ஒருவர், அந்த விபரத்தைக் கொப்பியில் எழுதியது யார், அவரை விலக்கிவிட்டுப் பழையபடி செய்யலாமே என்றார். என் கையில் தேத்தண்ணிக் கோப்பை. நீங்கள் என் பக்கம் பார்க்கவேயில்லை. "கொப்பி அதிபரின்ட பொறுப்பு" என்றீர்கள். அவர்கள் மறுபடி மறுபடி கேட்டார்கள். நீங்களும் அதையே சொன்னீர்கள். கடைசியில், அந்த வருட முடிவோடு நீங்கள் ஓய்வு பெறுவது என்று முடிவாயிற்று. உங்களுக்கு இன்னும் மூன்று வருடச் சேவை இருந்தது. நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். நாலு கோப்பை. ஒன்றும் உடையவில்லை.

ஐந்தாம் மாத முடிவில் சுகந்தியின் தம்பியை விட்டார்கள். வழக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். மெலிந்திருந்தான். இடது காது சரியாகக் கேட்காது. சுகந்தி அவனையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார், ஒரு பை திராட்சையோடு.

"தம்பி, இந்த அக்காதான். நாள் தவறாமல் உனக்காக ஜெபிச்சவ" என்றார்.

அவன் குனிந்து, "உங்களாலதான் அக்கா வந்தனான்" என்றான்.

நான் திராட்சையை வாங்கிக் கழுவித் தட்டில் வைத்தேன். அவர்களோடு இருந்து இரண்டு மூன்று சாப்பிட்டேன். ஒரு மாதத்துக்குள் இருவரும் கனடா போய்விட்டார்கள். உங்களிடம் சொல்லிக்கொள்ளவில்லை. நீங்கள் என்னிடம், "போய்ச் சேர்ந்ததாமோ?" என்று மட்டும் கேட்டீர்கள். ஓம் என்றேன். "சரி" என்றீர்கள்.

பிறகு ஏழு வருடம் நீங்கள் தங்கையின் வீட்டில் இருந்தீர்கள். நான் மாதம் ஒருக்கால் வருவேன். நாங்கள் அதைப் பற்றிக் கதைக்கவேயில்லை. உங்கள் கண் மங்கிய பிறகு சங்கீதம் வாசித்துக் காட்டுவேன். நீங்கள் ஜெபிக்கும்போது உதடு அசையும், சத்தம் வராது. யாருக்காக என்று நான் கேட்டதில்லை. ஒருநாள் நீங்களே சொன்னீர்கள், "அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் முடிஞ்சிருக்குமோ, என்னவோ." முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். சுகந்தி தன் கல்யாணப் படம் அனுப்பியிருந்தார், எனக்கு மட்டும். அந்தப் படத்தை உங்களிடம் கொண்டுவந்து காட்டினேன். முகத்துக்குக் கிட்ட வைத்துப் பார்த்தீர்கள். "சீலை நல்லாயிருக்கு" என்றீர்கள். அப்போதாவது நான், "இப்ப சொல்லட்டோ மிஸ்?" என்று கேட்டிருக்கலாம். அந்தப் 'பிறகு' வந்து போய்க்கொண்டேயிருந்தது. நான்தான் ஏறவில்லை.

சென்ற ஞாயிறு, ஆராதனை முடிந்து கோயிலால் வந்து சேலை மாற்றமுன்னம், தொலைபேசி அடித்தது. சுகந்தி.

"அக்கா, மிஸ் மோசம்போனாவாமே."

"ஓம்."

"செத்தவீட்டுக்குப் போனனீங்களோ?"

"போனனான்."

"எனக்கு ஒண்டும் வரேல்ல, அக்கா. இங்க கோயில்ல அவவின்ர பேரில ஒரு மோட்ச அர்ச்சனை செய்வம் எண்டு போனன். ஐயர் பேர் கேட்டார். வாய் வரேல்ல. திரும்பி வந்திட்டன். ஏழு வருசமாச்சு. அவன் இப்பவும் தலையைச் சரிச்சுத்தான் ஆக்கள் கதைக்கிறதைக் கேக்கிறான். அதைப் பாக்கேக்க எல்லாம் எனக்கு அவவின்ர குரல்தான் கேக்கும், அந்த ஒழுங்கையின்ர பேரை வாசிச்ச குரல்."

நான் கதிரையில் இருந்தேன். சுவரில் ரூத்தின் கல்யாணப் படம் தொங்கியது. கொஞ்சம் கோணலாக இருந்தது.

"சுகந்தி, வாசிச்சது அவ. எழுதினது நான்."

அந்தப் பக்கத்தில் ஏதோ தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ பிள்ளை சிரித்தது.

"என்ன எழுதினது?"

"எல்லாம். ஒழுங்கை, பின்னறை, பதிவு இல்லாதது. கொப்பியில எழுதிக் குடுத்தது நான். அவ பாக்காமல் வாசிச்சவ."

"பஸ்ஸுக்கு நிக்கேக்க நான் சொன்னதையோ?"

"ஓம்."

"அண்டைக்கு உங்கட தோளில கிடந்து நான் அழேக்க, உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"திராட்சைப்பழம் கொண்டுவரேக்கயும்?"

"ஓம், சுகந்தி."

"மிஸ்ஸுக்குத் தெரியும் என்ன."

"தெரியும். சொல்லவேண்டாம் எண்டவ. உங்களுக்குக் கதைக்க ஒரு ஆள் வேணும் எண்டு."

தொலைக்காட்சியை யாரோ நிறுத்தினார்கள். வைத்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகு மூச்சுக் கேட்டது.

"இனி நான் ஆரோட அக்கா கோவிக்கிறது?"

"என்னோட" என்றேன்.

அவர் வைத்துவிட்டார். ஏழு வருடத்தில், வைக்குமுன் 'சரி அக்கா' என்று சொல்லாமல் வைத்தது அதுதான் முதல் தரம். நான் எழும்பிச் சேலை மாற்றினேன். படத்தை நேராக்கினேன். சோறு வடித்தேன். நிம்மதி வரும் என்று எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருப்பேன் போலும். வரவில்லை. நோவும் வரவில்லை.

அவர் மறுபடி எடுக்கவில்லை. எடுப்பார் என்றும் நான் பார்த்திருக்கவில்லை. அந்த அர்ச்சனையைச் செய்தாரா என்று தெரியாது. செய்திருந்தால், ஐயரிடம் உங்கள் பெயரைச் சொல்ல வாய் வந்திருந்தால், அது போதும்.

காலையில் நான் முழங்காலிடுகிறேன், மிஸ். சத்தம் போடுவதில்லை. சுகந்தி என்னை மன்னிக்கவேண்டும் என்றும் கேட்பதில்லை, ஆண்டவர் என்னை மன்னிக்கவேண்டும் என்றும் கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் பாரத்தை மறுபடி இறக்கிவைக்கப் பார்த்ததாகிவிடும். சுகந்தியின் கோபம் ஏழு வருடம் உங்களிடம் இருந்தது. இப்போது என்னிடம் இருக்கிறது. அதோடு எழும்பி, அதோடு அடுப்பு மூட்டுகிறேன். நீங்கள் இனி அதைச் சுமக்கவேண்டியதில்லை.

ரூத்தின் அம்மா